பதினைந்து நாள் பாஸ்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி நகருக்குப் போகும் பெருவீதியோரம் இருந்த ஒரு லொட்ஜில் இராமலெட்சுமி பன்னிரண்டு வருஷமாக வேலை செய்தாள். கட்டில் விரிப்புகளை மாற்றுவது, துவைப்பது, அறைகளைக் கூட்டித் துடைப்பது அவள் வேலை. அங்கே தங்குகிறவர்கள் அநேகமாக யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் வந்து விசாவுக்குக் காத்திருப்பவர்கள். கனடா, சுவிஸ், நோர்வே என்று அவர்கள் கதைப்பதைக் கேட்டுக் கேட்டு, அந்த நாடுகளில் எந்த மாதம் பனி கொட்டும் என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவள் போக நினைத்த நாடு அவ்வளவு தூரமில்லை. விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம் என்றார்கள். அதற்கே அவளுக்கு இருபத்தொன்பது வருஷம் பிடித்தது.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு மார்ச் மாதம், வேலை முடிந்து கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறும் முன், பம்பலப்பிட்டிப் பக்கம் இருந்த ஒரு பயண முகவர் நிலையத்துக்குள் நுழைந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் ஐறீன். கழுத்தில் சின்னச் சிலுவை, முன்னால் ஒரு கணினி, பக்கத்தில் அரைவாசி குடித்த பிளேன்டீ.

"சொல்லுங்க அக்கா, எங்க போகப்போறீங்க?"

"இந்தியாவுக்குங்க, மிஸ். எந்த ரயில்லயும் ஏறி இறங்குற மாதிரி ஒரு பாஸ் இருக்காமே. எங்க லொட்ஜில தங்குன ஒரு ஐயா சொன்னாரு."

ஐறீன் ஒரு கோப்பை எடுத்துப் புரட்டினாள். "ஓம், இருக்கு. வெளிநாட்டுக்காரருக்கு மட்டும் குடுக்கிறது. டொலர்லதான் கட்டவேணும். ரெண்டாம் வகுப்பு, பதினைஞ்சு நாளைக்குத் தொண்ணூறு டொலர்."

இராமலெட்சுமியின் முகம் வாடியது. "வெளிநாட்டுக்காரங்களுக்கா? அப்ப எனக்குக் குடுக்க மாட்டாங்களா?"

"நீங்க வெளிநாட்டுக்காரர்தானே அக்கா. ஸ்ரீலங்கா பாஸ்போட்தானே வச்சிருக்கிறீங்க?"

இராமலெட்சுமி கைப்பையிலிருந்த புதுப் பாஸ்போட்டை எடுத்துத் திறந்து பார்த்தாள். பிறந்ததிலிருந்து மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் துரையிடமும் பொலிஸிலும் கடைத்தெருவிலும் அவளை இந்தியாக்காரி என்றே சொல்லியிருக்கிறார்கள். இந்தியாவுக்குப் போகப் புறப்பட்ட அன்றைக்குத்தான் அவள் வெளிநாட்டுக்காரி ஆனாள். சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை.

"எந்தெந்த ஊருக்குப் போறீங்க? சொன்னா நான் ரயில் எல்லாம் பார்த்து ஒரு பிளான் போட்டுத் தாறன்."

"அதுதாங்க இன்னும் தெரியாது" என்றாள்.

பிறகு சொன்னாள். தோட்டத்து ஆட்களை இரண்டு நாடுகளும் பங்கு போட்ட ஒப்பந்தத்தில், அவளுடைய அண்ணன் பெரியதம்பிக்கு எழுபத்துநாலில் இந்தியக் குடியுரிமை கிடைத்தது. அவளுக்கும் அம்மா ஆறாயிக்கும் இலங்கைக் குடியுரிமை. தோட்டத்து லயத்தில் ஒரே அறையில், ஒரே காம்பராவில், ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்கள் இரண்டு நாட்டுக்காரர் ஆனார்கள். அண்ணனுக்கு அப்போது இருபத்துநாலு வயது, கல்யாணமாகி எட்டு மாதம். "ஒரு வருஷம் பொறுங்க, உங்களையும் கூப்பிட்டுக்கிறேன்" என்று சொல்லி மனைவியோடு ஹட்டனில் ரயிலேறினார். இந்தியாவில் போய் இறங்கியவர்களை முதலில் வைத்திருந்த மண்டபம் முகாமிலிருந்து இரண்டு கடிதம் வந்தது. கேரளத்தில் புனலூர் என்ற இடத்து றப்பர் தோட்டத்திலிருந்து ஒன்பது கடிதம். எழுபத்தொன்பதில் இராமலெட்சுமி கிருலப்பனையில் ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்கு வந்தாள், பின்னாலேயே அம்மாவும் வந்தார். புது விலாசத்தை அண்ணனுக்கு எழுதினாள். பதில் இல்லை. இன்னும் மூன்று தரம் எழுதினாள். அதற்கும் இல்லை.

"புனலூர்ல இப்ப இருக்கிறாரோ இல்லையோ, அங்க போய்க் கேட்டாத்தான் தெரியும். வேற ஊருக்குப் போயிட்டாருன்னா அங்க போகணும்."

ஐறீன் கணினியையும் ஒரு பழைய ரயில் நேர அட்டவணையையும் மாறி மாறிப் பார்த்தாள். காகிதத்தில் ஏதோ கூட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, உண்மையைச் சொல்லுறன். இந்தப் பாஸ் வித்தா எங்களுக்குக் கொமிஷன் கிடைக்கும். ஆனா உங்களுக்கு நட்டம். அங்க ரயில் சரியான மலிவு. தனித்தனியா டிக்கட் வாங்கினா இதில காவாசிக் காசும் வராது. வேணாம், விடுங்க."

இராமலெட்சுமியின் கணவர் இராமர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவர் இறந்து நாலு வருஷம். பிள்ளைகள் இல்லை. வேலையில் பிடித்துவைத்த அவருடைய சேமலாபப் பணம்தான் பாங்கில் கிடந்தது.

"தனியா டிக்கட் எடுக்கிறதுன்னா, கவுண்டர்ல போய் எந்த ஊருக்குன்னு சொல்லணும், இல்லீங்களா?"

"ஓம், சொல்லத்தானே வேணும்."

"பாஸ் இருந்தா?"

"இருந்தா முன்னமே சொல்லத் தேவையில்ல. வெளிநாட்டுக்காரருக்கு ஒதுக்கின சீட்டும் கிடைக்கும். நினைச்ச இடத்துக்கு நினைச்ச நேரம் மாத்திப் போகலாம்."

"அப்ப பாஸையே குடுங்க, மிஸ்."

ஐறீன் விசாப் படிவத்தில் பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் 'சுற்றுலா' என்று எழுதிக்கொடுத்தாள்.

ஏப்ரலில் இராமலெட்சுமி சென்னையில் இறங்கினாள். கொல்லத்துக்கு ரயிலேறி, அங்கிருந்து சின்ன ரயிலொன்றில் மூன்றாம் நாள் புனலூர் போய்ச் சேர்ந்தாள். றப்பர் தோட்டத்தில் அவளைப் போலவே பேசுகிற மனிதர்கள் இருந்தார்கள். ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை என்று ஆளாளுக்குத் தங்கள் ஊரைச் சொல்லி, அங்கே இப்போது எப்படி என்று விசாரித்தார்கள். றப்பர் மரத்தில் பால் வெட்டும் ஒரு பெரியவர் மட்டும் பெரியதம்பியை ஞாபகம் வைத்திருந்தார்.

"அவரு எழுபத்தொன்பது நடுவிலயே கர்நாடகா பக்கம் மாத்தலாயிப் போயிட்டாரும்மா. சுள்ளியான்னு சொன்னாரு."

அவள் எழுதிய கடிதங்கள் ஏன் போய்ச் சேரவில்லை என்று அங்கேதான் தெரிந்தது. அவளுடைய முதல் கடிதம் இரண்டு மாதம்தான் பிந்தியிருந்தது.

மங்களூருக்கு ஓர் இரவும் பகலுமாக ரயில். அங்கிருந்து பஸ். சுள்ளியாவிலும் றப்பர் தோட்டம்தான். அங்கே ஒரு பெண், "பெரியதம்பி சம்சாரத்துக்கு இந்த வெக்கை ஒத்துக்கலை. குளிர் ஊரா வேணும்னு கோத்தகிரிப் பக்கம் தேயிலைக்குப் போயிட்டாங்க. பத்து வருஷம் இருக்கும்" என்றாள். இராமலெட்சுமி திரும்ப மங்களூருக்கு வந்து கோயம்புத்தூர் ரயிலைப் பிடித்தாள். வழியெல்லாம் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து, எதிரில் ரயில் வரும்போதெல்லாம் அதில் அண்ணன் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருப்பாரோ என்று பயந்தாள்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் கோத்தகிரியில் தேநீர்க் கடைக்காரர் கையை நீட்டிக் காட்டினார். "சிலோன்காரங்க லைன் கீழ இருக்கு."

சரிவில் இறங்கிப் போனாள். வீட்டு வாசலில் நரைத்த தலையோடு ஒருவர் குனிந்து தண்ணீர்க் குழாயைச் சரிபண்ணிக்கொண்டிருந்தார்.

"பெரியதம்பிங்கிறவரு வீடு..."

"நான்தாம்மா. நீங்க?"

"நான் லெச்சுமி."

"எந்த லெச்சுமி?"

"ஆறாயி மக லெச்சுமி" என்றாள்.

அவர் நிமிர்ந்தார். கையிலிருந்த குறடு கீழே விழுந்தது. அவளை உற்றுப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால், அவள் இறங்கி வந்த பாதையைப் பார்த்தார்.

"அம்மா மெதுவா வருதா?" என்று கேட்டார்.

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். அவர் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எப்ப?"

"தொண்ணூத்தொண்ணுல, அண்ணே."

"பன்னெண்டு வருஷமா அம்மா உசிரோட இருக்குன்னு நான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார். பிறகு திடீரென்று கோபம் வந்தது. "ஏன் ஒரு கடுதாசி போடலை? நான் எத்தனை போட்டேன்!"

"நானும் போட்டேன். நீங்க எந்த விலாசத்துக்குப் போட்டீங்க?"

"நம்ம தோட்டத்துக்குத்தான். வேற எங்க போட?"

அவர் எழுதியவையெல்லாம் அவர்கள் விட்டுப்போன காம்பராவுக்குப் போயிருந்தன. அண்ணி உள்ளேயிருந்து வந்து, யாரென்று கேட்டு, கேட்டதும் இராமலெட்சுமியைக் கட்டிக்கொண்டு சத்தமாக அழுதாள். அண்ணன் அழவில்லை. எழுந்து போய்க் குழாயைப் பூட்டி முடித்துவிட்டு வந்தார்.

மறுநாளிலிருந்து என்ன பேசுவதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவர் காலையில் வேலைக்குப் போனார், மாலையில் வந்து தொலைக்காட்சியில் செய்தி பார்த்தார். "சாப்பிட்டியா?" என்று கேட்டார். அவளும் "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். இருபத்தொன்பது வருஷமாக அவள் மனசில் பேசிவந்த அண்ணன் சத்தம்போட்டுச் சிரிக்கிற இருபத்துநாலு வயதுக்காரர். இந்த மனிதர் பல்லில்லாத வாயை மூடிக்கொண்டு மெல்லச் சிரித்தார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அவளுக்கு அண்ணனைத் தேடியது. அதை யாரிடம் சொல்வது?

பாஸில் மூன்று நாள் மிச்சமிருக்கும்போது அவள் புறப்பட்டாள். கோயம்புத்தூர் வரைக்கும் வழியனுப்ப வருவதாக அண்ணன் பஸ்ஸில் கூடவே வந்தார். சென்னைக்குப் பகல் ரயில். அவளுக்கு வெளிநாட்டுக்காரருக்கான ஒதுக்கீட்டில் சீட்டு. ரயில் வருவதற்குப் பத்து நிமிஷம் இருக்கையில், "இரு, வர்றேன்" என்று போனவர், ஒரு முன்பதிவில்லாத டிக்கெட்டோடு வந்தார்.

"மெட்ராஸ் பாத்து ரொம்ப நாளாச்சு" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவர் பின்னால் பொதுப் பெட்டியில் ஏறினார், அவள் முன்னால் தன் சீட்டில். ரயில் நகர்ந்தது. அருமையான ஜன்னல் சீட்டு. திருப்பூர் வரும்வரை அவள் வெளியே ஒன்றையும் பார்க்கவில்லை. திருப்பூரில் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, பிளாட்பாரத்தில் ஓடி, பொதுப் பெட்டியில் ஏறினாள். நிற்கவே இடமில்லை. கதவுப் பக்கம் செய்தித்தாளை விரித்து அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார். ஒதுங்கி இடம் கொடுத்தார்.

டிக்கெட் பரிசோதகர் அவளுடைய பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது வெச்சிருக்கறவங்க இங்க உக்கார மாட்டாங்களேம்மா. உங்களுக்கு சீட் இருக்கு, போங்க."

"எங்க அண்ணன் இங்க இருக்காருங்க."

அவர் அண்ணனைப் பார்த்தார், தலையசைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் அண்ணன் கேட்டார். "அம்மா கடைசியில எப்படி இருந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லு."

அவள் சொன்னாள். கிருலப்பனை வீட்டில் அம்மா மரக்கறி நறுக்கியது, வீட்டுக்காரம்மாவிடம் சிங்களம் பழகியது, தபால்காரர் மணியடித்தால் கத்தியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடியது, ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். சேலம் தாண்டியும் முடியவில்லை. ஜோலார்பேட்டைக்குக் கிட்ட அவர் தோளில் போட்டிருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எதிரில் இருந்த பெண் தன் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

அழுது முடித்தபின் அவர் பேச்சு மாறியது. மண்டபம் முகாமில் ஒருவன் ஆட்டைத் திருடிய கதையைச் சொல்லி, வாயை மூடாமல் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும்.

"இந்தப் பாஸ் இன்னும் எத்தனை நாளைக்குச் செல்லும்?" என்று கேட்டார்.

"இன்னும் ரெண்டு நாள் இருக்குண்ணே."

"பிளேன்?"

"அதுக்கு அடுத்த நாள்."

சென்னையில் அண்ணிக்குத் தெரிந்தவர் வீட்டில் தங்கினார்கள். மறுநாள் காலை சென்ட்ரலுக்குப் போய், புறப்பட நின்ற ரயிலில் ஏறினார்கள். காட்பாடியில் இறங்கி, இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். அடுத்த நாள் எழும்பூரிலிருந்து விழுப்புரம் போய் வந்தார்கள். அந்த ஊர்களில் அவர்களுக்கு ஒரு வேலையும் இல்லை. அண்ணன் ஒவ்வொரு தடவையும் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார், அவள் பாஸைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். விழுப்புரத்தில் அவர் அவளுக்கு இரண்டு முழம் கனகாம்பரம் வாங்கிக்கொடுத்தார். நாற்பத்தைந்து வயதில் விதவை பூ வைக்கலாமா என்று அவள் தயங்கினாள். "வையி" என்றார். வைத்துக்கொண்டாள்.

விமான நிலைய வாசலில், "இங்கயே இருந்திடேன்" என்றார் அண்ணன்.

"விசா முடிஞ்சிரும்ணே. நீங்க வாங்க."

"எனக்குப் பாஸ்போட்டே இல்லையே, தங்கச்சி. இந்தியாவுக்கு வர்றப்பக் குடுத்ததோட சரி, அப்புறம் எடுக்கவேயில்லை."

கொழும்புக்கு வந்து மூன்றாம் வாரம், லொட்ஜ் தொலைபேசிக்கு அழைப்பு வந்தது. அண்ணன் பாஸ்போட்டுக்கு விண்ணப்பித்திருந்தார். பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார்களாம். இராமலெட்சுமி ஒருநாள் லீவு போட்டு நுவரெலியாவில் அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குப் போனாள். பதிவேட்டில் பெயரைத் தேட மூன்று மணித்தியாலம் எடுத்தது. கிளார்க் சிங்களத்தில், "யாருக்கு இது?" என்று கேட்டார். "மகே அய்யாட்ட" என்றாள், என் அண்ணனுக்கு என்று.

சான்றிதழைப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். அது கிடைத்துவிட்டதாக ஜூலையில் அண்ணன் சொன்னார். பிறகு பொலிஸ் விசாரணை. பிறகு இலங்கையில் பிறந்தவருக்கு இன்னும் ஒரு கடிதம் வேண்டுமென்றார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கொட்டாஞ்சேனைத் தொலைபேசிக் கடையிலிருந்து அவள் கோத்தகிரிக்குக் கதைத்தாள். "வந்திருச்சா?" என்று அவள் கேட்பாள். "இன்னும் இல்லை, இந்த மாசம் வந்திரும்" என்பார் அவர். பிறகு அன்றைக்கு என்ன சமையல் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள்.