உவர்க் கிணறும் ஒரு மாறிலியும்

பேராசிரியர் சிவகரன் கண்டாவளைக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். கையில் கொழும்பில் வாங்கிய காய்ச்சி வடித்த நீர் ஒரு போத்தல். எங்கள் பள்ளிக்கூடத்தின் புதிய ஆய்வுகூடத்தைத் திறப்பதற்காக மெல்பேர்ணிலிருந்து அழைக்கப்பட்டிருந்தான். பங்குனி வெயிலில் கோட்டுக்கு மேல் மூன்று பொன்னாடைகள் விழுந்தன. மனிதன் உள்ளே அவிந்துகொண்டிருந்தான். முகம் மட்டும் பேராசிரியராகவே இருந்தது.

சிவகரன், அருந்ததி, நான் மூவரும் இங்கே ஒரே வகுப்பு. அருந்ததி இப்போது இதே பள்ளிக்கூடத்தில் உயிரியல் ரீச்சர். நான் மத்தேயு. அறிவியலுக்கு நான் கொடுத்தது எச்சில்.

பகிடி இல்லை. போர் நின்றிருந்த சமாதானக் காலத்தில் உயர்தரம் படித்தபோது, உமிழ்நீரில் உள்ள நொதியம் கஞ்சியின் மாப்பொருளை உடைக்கும் வேகத்தைச் சொல்லும் வீத மாறிலியைக் கண்டுபிடிக்கப் புறப்பட்டோம். கஞ்சி அருந்ததி வீட்டுக் குசினியில் காய்ச்சியது. அயடீன், புண்ணுக்குப் பூசுகிற போத்தலில் மிஞ்சியது. எல்லாவற்றையும் கரைத்தது பள்ளிக்கூடக் கிணற்றுத் தண்ணீரில். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை அருந்ததி மணிக்கூட்டைப் பார்த்து “விடு” என்பாள். சிவகரன் கலவையில் ஒரு துளி எடுத்து அயடீனில் விடுவான். முதலில் மாப்பொருள் இருப்பதைக் காட்டும் கருநீலம், பிறகு மண்ணிறம், கடைசியில் வெறும் மஞ்சள். ஒரு பீங்கான் தட்டின்மேல் மூன்று தலைகள். நீலம் வெளிறத் தொடங்கும் அந்தத் துளிக்காக மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்போம். அந்த நீலத்தை அதற்குப் பிறகு நான் எங்கேயும் காணவில்லை.

கண்டுபிடித்த மாறிலியைக் கொழும்பில் ஒரு போட்டிக்கு அனுப்பினோம். இவ்வளவு வேகம் நடக்காது, நேரத்தைக் குறைத்து எழுதியிருக்கிறார்கள் என்று நடுவர்கள் சொல்லிவிட்டார்கள். மணிக்கூடு இருந்தது அருந்ததியின் கையில். அவள் அழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தேத்தண்ணிக்குச் சீனி போடுவதென்றாலும் இரண்டு தரம் அளந்துதான் போடுவாள்.

இன்றைக்குச் சிவகரன் மைக்கைப் பிடித்து, மாறிலி என்பது மாறாதது, அது உண்மையைப் போல என்று தொடங்கி, அங்கிருந்து தன்னைப் பற்றிய உண்மைகளுக்கு வந்து, இடையில் சொன்னான்:

“அந்த நாளையிலை உங்கடை அருந்ததி ரீச்சர் மணிக்கூட்டைக் கொஞ்சம் தட்டிவிட்டவா. அதாலைதான் எங்களுக்குப் பரிசு தவறினது!”

பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் நாளைக்கும் நாளையின்றைக்கும் படிப்பிக்கவேண்டிய பிள்ளைகள். அருந்ததியும் சிரித்தாள், கை மட்டும் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது.

பிறகு செய்முறை விளக்கம். “மத்தேயு, வா. துப்பு.”

“டேய், இருபது வருசமாப்போச்சு. எனக்கு ஒரு பதவி உயர்வும் இல்லையோ?”

துப்பினேன். சிவகரன் அதையும் கஞ்சியையும் போத்தலில் இருந்த வடித்த நீரில் கரைத்தான், துளி விட்டான். நீலம். மறுபடியும் விட்டான். நீலம். நன்றியுரை முடிந்தும் நீலம். கூட்டம் மெல்ல வடைப் பக்கம் நகர்ந்தது.

“பாத்தீங்களோ? இதுதான் உண்மையான வேகம்,” என்றான் எஞ்சியிருந்த கதிரைகளிடம்.

“இன்னொருக்காச் செய்,” என்றாள் அருந்ததி.

போத்தலைத் தூக்கினால் வெறுமை. பிரதம விருந்தினராக வந்திருந்த கல்வி அதிகாரி வாயைத் துடைத்துக்கொண்டு நின்றார். “இந்தத் தண்ணி என்ன தம்பி, ஒரு உருசியுமில்லாமல் சப்பெண்டு கிடக்கு?”

வேறு வழியில்லை. வாசலில் கை கழுவ வைத்திருந்த வாளியில் கிணற்றுத் தண்ணீர் இருந்தது. அதே கஞ்சி, அதே கோப்பையில் மிஞ்சிய என் எச்சில், தண்ணீர் மட்டும் வேறு. அருந்ததி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“விடு.”

நீலம்.

“விடு.”

மூன்று தலைகளும் தட்டின்மேல் குனிந்தன. ஒரு தலையில் மயிரில்லை, ஒன்றில் சாயம், மற்றதில் நரை. துளி மண்ணிறமாயிற்று. பிறகும் இரண்டு தரம் “விடு.” மஞ்சள்.

சிவகரன் வாளியில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தான். “உப்பு,” என்றான். “இந்த நொதியத்துக்கு உப்பிலை இருக்கிற குளோரைட்டு வேணும். உவர்த் தண்ணியிலை கெதியா ஓடும். அந்த நடுவர்மார் வடிச்ச தண்ணியிலை செய்து பாத்திருப்பாங்கள்.” விரலைக் கோட்டில் துடைத்தான். “அருந்ததி, இதை நான் வருசா வருசம் படிப்பிக்கிறன்.”

“நானும்தான் படிப்பிக்கிறன். இந்தத் தண்ணியைக் குடிச்சுக்கொண்டு.” அவள் கைக்கடிகாரத்தை ஒருக்கால் பார்த்தாள். “நான்தான் பிழையாப் பாத்துப்போட்டனோ எண்டு நானே நம்பத் தொடங்கியிட்டன், சிவகரன்.”

“மன்னிச்சுக்கொள்.”

“எனக்கு வேண்டாம். மைக்கிலை சொன்னதை மைக்கிலை போய் எடு.”

போனான். ஒலிபெருக்கிக்காரர் மைக்கைக் கழற்றிக் கோயில் திருவிழாவுக்குக் கொண்டுபோயிருந்தார். சிவகரன் கோட்டைக் கழற்றினான், பொன்னாடைகளோடு சேர்த்து. கதிரையில் ஏறி நின்று, பழைய வகுப்புக் குரலில் கத்தினான்:

“பிள்ளையள்! நான் சொன்னது பிழை! உங்கடை ரீச்சரின்ரை நேரம் சரி!”

பிரதம விருந்தினர் வடையில் இருந்தார். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். “என்ன சேர்?” என்றது ஒரு குரல். இன்னும் பலமாகத் திரும்பக் கத்தினான். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

அருந்ததி வாளியிலிருந்து ஒரு பேணி தண்ணீர் அள்ளிக் குடித்தாள். மிச்சத்தை என்னிடம் நீட்டினாள். அதே உப்பு.