பரிசளிப்பு வரை ஆமைக்குஞ்சுகள்

1

இந்தக் கதை ஒரு பதக்கத்திலிருந்து பிறந்தது. டிரையத்லான் போட்டியை முடித்துவிட்டு வந்த என் மச்சான் காட்டினார். நடுவில் ஒரு கடலாமை மினுமினுத்தது. "ஆமையப் பாத்தீங்களா?" என்றேன். "எங்க லா, சைக்கிள் மிதிக்கவே மூச்சு வாங்குது" என்றார். அன்றே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: 'தென்சீனக் கடல் அன்று அமைதியாக...' வேண்டாம். கதைகளில் அது எப்போதும் அமைதியாகத்தான் இருக்கிறது.

2

ஷர்மினியிடமிருந்தே தொடங்குகிறேன். மலேசியாவில் கோத்தா திங்கி பக்கம் ஒரு கடற்கரை விடுதி. அங்கே ஆண்டுதோறும் நடக்கும் நீச்சல், சைக்கிள், ஓட்டப் போட்டிக்கு அவள்தான் பொறுப்பு. ஆமை முட்டைகளைப் பாதுகாக்கும் வேலியும் போட்டியின் விளம்பரதாரரிடம் அவள் அடம்பிடித்து வாங்கியதுதான். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: பரிசளிப்பின்போது, வென்றவர்கள் கையால் குஞ்சுகளைக் கடலில் விட வேண்டும். படம் எடுக்க வேண்டும்.

போட்டிக்கு முந்தின நாள் விடியலில், வேலியைக் காக்கும் காளிதாஸ் போன் செய்தான்.

"அக்கா, குஞ்செல்லாம் வெளிய வந்துருச்சு. கடலப் பாத்துத் துடிக்குதுங்க. விட்டுரவா?"

(இந்த ஆண்டு அந்தக் கரையில் ஒரே ஒரு கூடுதான். முன்பே சொல்லியிருக்கலாம். பதற்றம் கூடட்டும் என்று பிடித்து வைத்திருந்தேன்.)

3

ஷர்மினி வேலிக்குப் போனபோது பின்னாலேயே விடுதி மேலாளர் சிறீகாந்தனும் வந்தார். முதலில் அவருக்குத் தொப்பையும் தங்கக் கடிகாரமும் கொடுத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை, அடித்துவிட்டேன்.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் வாளியில வைம்மா. ஸ்பான்சர் போய்ட்டா அடுத்த வருஷம் வேலி கிடையாது. வேலி இல்லன்னா முட்டையெல்லாம் உடும்புக்குத்தான்."

"துடிச்சே பலம் போய்டும் சார். பொறந்த வேகத்துலதான் அதுங்க ஆழத்துக்குப் போய்ச் சேரணும். நாளைக்கு விட்டா போட்டோவுக்கு மட்டும்தான் நீந்தும்."

"அப்ப நீயே சொல்லு, யாரு காசுல வேலி போடறது?"

அவர் சொன்னது உண்மை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

4

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில், கைதட்டலுக்கு நடுவே விட்ட குஞ்சுகள் அலையோரத்திலேயே அசையாமல் கிடக்கின்றன. வாசகர் அழுவது உறுதி. இன்னொன்றில், வென்றவர்கள் கையிலிருந்து வாளியைப் பிடுங்கிக்கொண்டு ஷர்மினி கடலுக்கு ஓடுகிறாள். எனக்கே கைதட்டத் தோன்றியது.

இரண்டுக்கும் குஞ்சுகள் கடைசிப் பத்தி வரை வாளியில் கிடந்தாக வேண்டும்.* அப்போதுதான் உறைத்தது, நானும் அந்த விளம்பரதாரரும் ஒரே ஆள் என்று. வெட்கமாகப் போய்விட்டது.

* ஈரத்துணி போட்டு மூடலாமே என்று ஒரு வரி எழுதினேன். அதுவும் சாக்குதான்.

5

ஆகவே கைதட்டலுக்குக் காத்திராமல், இங்கேயே:

"காளி, விட்டுரு."

"இப்பவா அக்கா? போட்டோ எடுக்க யாருமே இல்லியே."

"யாரும் வேணாம். விடு."

சிறீகாந்தன் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் கண்களில் ஒரு... இல்லை, கை வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

குஞ்சுகள் போய்விட்டன. நாளை மேடையில் ஷர்மினி மைக்கைப் பிடிப்பாள். காட்ட ஒன்றுமில்லை, ஆனாலும் அடுத்த ஆண்டு வேலி வேண்டும் என்று கேட்பாள். கேட்கத் தெரிந்தவள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விளம்பரதாரரின் பதிலை மட்டும் நான் எழுதப்போவதில்லை. கூட்டம் வருமா என்று பார்த்துத்தான் அவர் வாயைத் திறப்பார். பார்க்க ஒன்றுமே இல்லாத அந்தக் கரைக்கு அடுத்த ஆண்டு நீங்கள் வருவீர்களா?