வைதேகிக்கு வேண்டிய சேனல்

1

இந்தக் கதை ஒரு வரிசையில் பிறந்தது. சிங்கப்பூர், தோ பாயோவில் கேபிள் நிறுவனத்தின் கடை. என் கையில் 2147 என்ற சீட்டு, சுவர்ப் பலகையில் 2109. பக்கத்து இருக்கையில் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பலகையை முறைத்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருஷம் பாலிகிளினிக் கவுண்டர்ல உக்காந்து ஊருக்கே நம்பர் கொடுத்தேன். இப்ப எனக்குக் கொடுக்கிறாங்க," என்றார்.

கேபிளை நிறுத்த வந்திருந்தார். ஏன் என்று கேட்டேன். முப்பத்தெட்டு எண்கள் நகர்வதற்குள் சொல்லி முடித்துவிட்டார். எழுதலாமா என்றதற்கு, "எழுதுங்க. பேரை மட்டும் வைதேகின்னு போடுங்க. அந்தப் பேரு மேல எனக்கு ஒரு ஆசை," என்றார்.

(நானும் அங்கே போனது, அவரைப் போலவே, ஒரு தமிழ்ச் சேனல் காணாமல் போன கடுப்பில்தான். எனக்கு வேண்டியது ஞாயிற்றுக்கிழமைப் பட்டிமன்றம். அதை வைத்துக் கதை பண்ண முடியாது.)

2

அடித்துப்போட்ட தொடக்கங்கள்:

[தொழில்நுட்பம் மனிதர்களை இணைக்கிறது என்று சொல்லிக்கொண்டு] இதற்கு மேல் எழுத எனக்கே பொறுக்கவில்லை.

[வைதேகி தொலைக்காட்சிக்கு அடிமையான ஒரு] பொய். அவர் பார்த்தது ஒரே ஒரு தொடர். அதிலும் ஐந்து நிமிடம்.

சரி, நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

மாதத்தின் முதல் தேதி, மதியம் மூன்றரை மணி. வைதேகி வழக்கம்போல் டீயோடு வந்து உட்கார்ந்து ரிமோட்டை அழுத்தினார். 'வான்மலர்' சேனல் வரவேண்டிய இடத்தில், 'இந்தச் சேவை நிறுத்தப்பட்டுள்ளது. உங்கள் ஆதரவுக்கு நன்றி' என்று இருந்தது. ரிமோட்டைத் தட்டினார். பேட்டரியை மாற்றினார். பெட்டியையே அணைத்துப் போட்டார். அது மறுபடியும் நன்றி சொன்னது.

சாயங்காலம் மகன் நிதீஷ் வந்ததும் சொன்னார்.

"அம்மா, கேபிளெல்லாம் இப்ப யாரு பாக்கிறா? ஆப்ல பாக்கலாம் லா."

"அப்ப அந்த ஆப்பைப் போடு."

"எது? பத்து இருக்கு."

"வான்மலர் வர்றது. லைவா வரணும்."

"ஏன் லைவ்? கிளிப்ஸ் பாருங்களேன். அதே சீரியல்தானே."

வைதேகி ராத்திரிச் சமையலுக்கு அரிசி களையப் போய்விட்டார். எந்தத் தொடர் என்று நிதீஷ் கேட்கவில்லை.

3

அடுத்த மூன்று வாரத்தை முழுதாக எழுதினால் நீங்கள் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். சுருக்கமாகவே சொல்கிறேன்.

முதல் ஆப்பில் வான்மலர் இருந்தது. தொட்டால், 'உங்கள் பகுதியில் கிடைக்காது' என்றது. இரண்டாவதில் சேர இந்தியக் கைபேசி எண் வேண்டும். தஞ்சாவூரில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணனின் எண்ணைக் கொடுத்தார்கள். கடவு எண் அங்கே போய்ச் சேர்ந்தபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்து கூப்பிட்டுச் சொன்னபோது அது காலாவதியாகியிருந்தது. மூன்றாவது ஏழு நாள் இலவசம் என்றது. அதில் ஆறு நாள் கடவுச்சொல்லைச் சரிசெய்வதிலேயே கழிந்தது. ஏழாம் நாள் படம் வந்தது, தெலுங்கில்.

மருமகள் ரக்ஷனா ஒரு தாளில் கட்டம் போட்டுக் கொடுத்தாள். எதில் எந்தச் சேனல், எது நேரலை, எது மறுநாள், எது டிவியில் வரும், எது கைபேசியில் மட்டும். வைதேகி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு தேக்காவுக்கு பஸ் ஏறினார்.

அங்கே பஃபலோ ரோட்டில் முகைதீன் கைபேசிக் கடை வைத்திருக்கிறார். ஊரில் யாருக்கு எந்த ஆப் வேலை செய்யாவிட்டாலும் அவரிடம்தான் வருவார்கள்.

"எல்லாச் சேனலும் வர்ற பெட்டி இருந்திச்சே?" என்று வைதேகி தணிந்த குரலில் கேட்டார்.

"அக்கா, நீங்க கவர்மென்ட் வேலை பாத்தவங்க. நீங்களே அதைக் கேக்கலாமா? அதெல்லாம் நான் விக்கிறதில்ல, மாட்டினா வம்பு." முகைதீன் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு நாலாவது கட்டத்தில் விரல் வைத்தார். "இதுல வரும். ஆனா மாசச் சந்தா கட்டும்போது தமிழ்ப் பேக்குன்னு எடுக்காதீங்க, அதுல வராது. குடும்பப் பேக்னு எடுங்க."

"தமிழ்ச் சேனல் தமிழ்ப் பேக்ல வராதா?"

"வராதுக்கா. என்னைக் கேட்டா? நானா போட்டேன்?"

4

இந்த இடத்தில் கதை எனக்கு நின்றுபோனது. ஒரு தொடருக்காக ஒருத்தி இந்தப் பாடு படுவாளா? வாசகர் நம்புவாரா? நானே நம்பவில்லை. கடையில் வைத்து அவரிடமே கேட்டேன். பலகையில் அப்போது 2131.

காரணம் இதுதான். அந்தத் தொடரில் ஒரு பெரியம்மா உண்டு. கதைக்கு வேண்டாத பெரியம்மா. அடுப்படியில் கரண்டியோடு நிற்பாள், யாராவது அழுதால் "சாப்பிட்டியாம்மா" என்பாள், அவ்வளவுதான். எந்தக் கிளிப்பிலும் அவள் இருக்க மாட்டாள். கிளிப் வெட்டுகிறவர்களுக்குக் கதாநாயகன், கதாநாயகி மட்டும் போதும்.

அந்தப் பெரியம்மா சுசீலா. வைதேகியின் தங்கை.

பதினொரு வருடத்துக்கு முன் அவர்களுடைய அம்மா இறந்தபோது சுசீலா சென்னையிலிருந்து வர ஒரு நாள் தாமதமாகிவிட்டது. வைதேகி காத்திருக்கவில்லை. மண்டாய் தகனச் சாலையில் எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்த சுசீலா, "ஒரு நாள் பொறுக்கக் கூடாதாக்கா?" என்று கதறினாள். தூங்காமல், சாப்பிடாமல் எல்லாவற்றையும் தனியாகப் பார்த்திருந்த வைதேகி, உறவினர் அத்தனை பேர் முன்னாலும், "நடிக்காதே," என்றார்.

அன்றோடு பேச்சு நின்றது. கணவன் போன பிறகு சுசீலா உண்மையிலேயே நடிக்கப் போனாள். (இதை நான் இட்டுக்கட்டியிருந்தால் 'ரொம்ப ஓவர்' என்று நீங்கள் சொல்லலாம். வாழ்க்கையிடம் போய் யார் சொல்வது?)

இரண்டு வருடமாக, வீட்டில் யாரும் இல்லாத மதியத்தில், வைதேகி திரையில் தங்கையைப் பார்த்துவந்தார். சேனல் போவதற்கு முதல் நாள், சுசீலா அடுப்படியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடி பேசினாள். எப்போதும் நின்றுதான் பேசுவாள். எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கவுண்டர்ல எத்தனை பேரைப் பாத்திருக்கேன். நோயாளி எப்படி எந்திரிப்பாங்கன்னு எனக்குத் தெரியும். அது நடிப்பு இல்ல," என்றார் வைதேகி.

மறுநாள் திரை நன்றி சொன்னது.

5

குடும்பப் பேக் ஒரு சனிக்கிழமை வேலை செய்தது. மூன்றரை மணி. தொடர் தொடங்குமுன் திரையில் ஓர் அறிவிப்பு அட்டை வந்தது. இடப்பக்கம் சுசீலா, வலப்பக்கம் யாரோ ஒரு பெண்மணி. கீழே, 'இவருக்குப் பதில் இவர்'.

மூன்று நொடி. அவ்வளவுதான். பிறகு அந்தப் பெண்மணி சுசீலாவின் புடவையில், சுசீலாவின் கரண்டியோடு வந்து, "சாப்பிட்டியாம்மா" என்றாள்.

வைதேகி ஆப்பின் உதவி எண்ணைக் கூப்பிட்டார். வேறு யாரைக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இருபது நிமிடப் பாட்டுக்குப் பிறகு ஒரு பெண் பேசினாள்.

"மேடம், படம் தெரியுதா?"

"படம் தெரியுதும்மா. ஆளைத்தான் காணோம். அந்தப் பெரியம்மாவுக்கு என்னாச்சு?"

"மேடம், பிக்சர் ஃப்ரீஸ் ஆகுதா?"

"இல்ல. அவங்களை மாத்திட்டீங்க. ஏன் மாத்தினீங்க?"

"பேக் மாத்தணுமா மேடம்?"

அறையிலிருந்து நிதீஷ் எட்டிப் பார்த்தான். அம்மா கைபேசியை மேசையில் வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"யாரும்மா? யாரை மாத்திட்டாங்க?"

"உங்க சித்தியை."

நிதீஷ் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தான். "சித்தியைப் பாக்கத்தான் மூணு வாரமா இந்தக் கூத்தா? என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா?"

"சித்தி நம்பர் என்கிட்ட இருக்கு. என் பர்த்டேக்கு வருஷா வருஷம் மெசேஜ் பண்ணுவாங்க. உங்களுக்குத் தெரிஞ்சா கோவப்படுவீங்கன்னு நான்தான் சொல்லல."

வைதேகிக்குக் கோபம் வந்தது, மகன் மேல், ஆப்புகள் மேல், எல்லாரையும்விடத் தன் மேல். நிதீஷ் எண்ணைத் தொட்டுக் கைபேசியை நீட்டினான். மணி அடித்தது.

6

இதற்கு மூன்று முடிவு எழுதினேன்.

[சுசீலாவின் மகன் எடுத்தான். "அம்மா ஆஸ்பத்திரியில"] அழவைப்பதற்கென்றே எழுதியது. அடித்துவிட்டேன்.

[சுசீலாவே எடுத்தாள். "முழங்கால் ஆபரேஷன்க்கா, வேற ஒண்ணுமில்ல" என்று சிரித்] இவ்வளவு சுலபமாகவா?

[யாரும் எடுக்கவில்லை.] இது எழுத்தாளர்களின் சோம்பேறித்தனம்.

சுசீலா எடுத்தாள் என்பது வரைதான் எனக்குத் தெரியும். பலகை அவருடைய எண்ணான 2146க்கு வந்திருந்தது. வைதேகி எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டார்.

"என்ன பேசினீங்க?"

"அதை எழுத வேணாம்."

"அப்ப கதையை எப்படி முடிக்கிறது?"

"அது உங்க பாடு. நாங்க இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்."

ஆகவே, பதினொரு வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தையை யார் பேசினார், என்ன பேசினார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அக்காவா, தங்கையா, உங்கள் விருப்பம். 'ஹலோ' என்று மட்டும் தொடங்காதீர்கள். முதல் வார்த்தை அது இல்லை என்று, கவுண்டருக்குப் போகும்போது வைதேகி திரும்பிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.