சம்பந்திமாரின் கடலோர ஆட்டம்

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மடு மாதா மேல் சத்தியம். பொய்யென்றால் சொன்ன வாய் இனி ஆட்டுக்கறி தொடாது.

அமிர்தநாதர் களைத்துப்போயிருந்தார். மகள் மெலிசாவின் இரட்டைப் பிள்ளைகளை இரண்டு வருடமாக அவர்தான் பார்க்கிறார். ஒன்றைப் பிடித்தால் மற்றது ஓடும். மற்றதைப் பிடித்தால் இரண்டும் ஓடும். மத்தியான நித்திரையை அவர் கண்டது கடைசியாக எப்போது என்று அவருக்கே மறந்துவிட்டது. மருமகன் கிருபனின் தகப்பன் செல்வரட்ணமோ, கனடாவின் விட்பி நகரத்தில் மத்தியானம் சோறு தின்று படுத்தால் தேநீருக்குத்தான் எழும்புவார்.

"வாற வருசம் நீங்கள் பாருங்கோவன், சம்பந்தி," என்று நத்தார்ப் பண்டிகை விருந்தில் அமிர்தநாதர் கேட்டேவிட்டார்.

"கோல்ஃப் விளையாடிப் பாப்பம். நான் தோத்தால் பிள்ளையள் என்னட்டை. நீங்கள் தோத்தாலும், ஆட்டம் முடியாட்டிலும் பழையபடிதான். ஓமோ?" என்றார் செல்வரட்ணம்.

"ஓம்."

இருவருக்கும் கோல்ஃப் தெரியாது. ஆகவே ஆட்டம் நியாயமானது.

தை மாதம். பனி முழங்கால் மட்டும் கிடந்தது. 401 நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லாதபடியால் ஸ்கொட்லாந்துக்கு வெள்ளெனவே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அங்கே நல்ல வெயில். அந்தக் காலத்து அரசர்கள் விளையாடிய கடலோரப் புல்வெளி. மருந்துக்கும் ஒரு மரமில்லை. ஒரு பக்கம் முழுக்கக் கடல்.

"உந்தக் காத்திலை ஆட்டுக்கறியெல்லோ மணக்குது, சம்பந்தி."

"ஸ்கொட்லாந்திலை ஆடு கூட," என்றார் செல்வரட்ணம்.

அமிர்தநாதரின் முதல் பந்து நேரே கடலுக்குப் போனது. ஒரு கடற்புறா அதை நடுவானில் ஏந்தி, தின்ன உதவாது என்று கண்டு, கொண்டுவந்து குழிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனது. செல்வரட்ணத்தின் பந்து மணற்குழியில் விழுந்தது. கிணற்று ஆழம் இருக்கும்.

"வாளி கொண்டந்தனீங்களே?" என்றார் அமிர்தநாதர்.

"உங்கடை கொக்கை ஒருக்கா இஞ்சாலை அனுப்புங்கோ," என்றார் செல்வரட்ணம்.

குழிக்குக் குழி அமிர்தநாதரின் முழங்கால் முறைப்பாடு சொன்னது. நல்லகாலம், அந்தக் கடற்கரையில் ஒரு கதிரை கிடந்தது. இருந்து இளைப்பாறி, எழும்பி அடித்து, திரும்ப வந்து இருந்தார்.

கடைசிக் குழிக்கு வரும்போது இருவரும் சமம். அமிர்தநாதரின் பந்து குழியிலிருந்து ஒரு சாண். செல்வரட்ணத்தின் பந்து எங்கேயோ புல்லுக்குள். மெல்லத் தட்டினால் போதும்; ஒரு வருட மத்தியான நித்திரை. தலையணையின் குளிர்ச்சி கன்னத்தில் பட்டதுபோலவே இருந்தது.

மட்டையை ஓங்கியவர் நின்றுவிட்டார். அவர் பெண் பகுதி. கலியாணத்தன்று மாப்பிள்ளை பகுதி சாப்பிட்டு எழும்பும்வரை அப்பளக் கூடையோடு நின்ற மனிசன். சம்பந்திக்கு முன்னால் முடிப்பதா?

"நீங்கள் முதல் அடியுங்கோ. மாப்பிளை பகுதி."

"சீச்சீ, மூத்த ஆள் நிக்க நான் அடிக்கிறதோ?"

"கலியாணத்திலை முதல் பந்தி நீங்கள்தானே?"

"அது சோறு. இது விளையாட்டு. நீங்கள் அடியுங்கோ."

"நான் மாட்டன். நாளைக்கு ஆரும் கதைப்பினம்."

செல்வரட்ணம் கைமணிக்கூட்டைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவருடைய மரியாதை இன்னும் கூடிவிட்டது. கதிரையை இழுத்துப் போட்டார். "களைச்சுப் போனியள். முதலிலை இருங்கோ. ஒரு மிடறு தண்ணி குடியுங்கோ. பிள்ளையள் எப்பிடி? இப்ப நல்லாய்க் கதைக்கினமே?"

அமிர்தநாதர் இருந்தார், குடித்தார், பிள்ளைகளைப் பற்றியும் சொன்னார். கடைசியில் ஏலாமல் எழும்பி, சிலுவை அடையாளம் போட்டு, "குறை நினையாதேங்கோ, சம்பந்தி," என்று மட்டையைத் தூக்கினார்.

சூரியன் அணைந்தது. அலை பாதியில் நின்றது. பிறகு கடல், கடற்புறா, புல், குழி எல்லாமே இல்லாமல் போய்விட்டன.

"ஆட்டம் முடியேல்லை," என்றார் செல்வரட்ணம், செத்தவீட்டுக் குரலில்.

"ஓம்," என்றார் அமிர்தநாதர். திங்கள் விடிய இரட்டையருக்குச் சப்பாத்துப் போடவேண்டும், நாலு கால்.

அந்த வெயிலும் கடலும் விட்பிக்குப் பக்கத்து ஊரான அஜக்ஸில் ஓர் இறைச்சிக் கடையின் மேல்மாடியில், மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு விடும் அறையொன்றின் திரையில் ஓடுபவை. அன்றைக்கு அந்த அறையை நேரம் குறித்து எடுத்திருந்தவர் செல்வரட்ணம்.