ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி

கிருமி வளர்க்கும் தட்டின் மூடியைத் திறக்காமலே தெரிந்துவிட்டது. சளியைக் கம்பியால் இழுத்துவிட்ட கோடு நெடுகப் பச்சைப் பூஞ்சை அடர்ந்திருந்தது. பன்னிரண்டு நாளுக்கு முன் இதே நோயாளியின் முதல் தட்டில் ஒரே ஒரு புள்ளிதான், கோட்டை விட்டுத் தள்ளி ஓரமாய். கோட்டுக்கு வெளியே முளைத்தால் அது காற்றிலிருந்து விழுந்தது என்பது எங்கள் லேபில் எல்லோருக்கும் மனப்பாடம். நானும் 'மாதிரி மாசடைந்தது, மறுபடி அனுப்பவும்' என்று எழுதிவிட்டு, தட்டைக் கழிவுப் பையில் போட்டேன். லேப் பொறுப்பு டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இருபது வருஷ சர்வீஸ் என்கிற திமிர், வேறென்ன.

ஒட்டு டேப்பைப் பூஞ்சை மேல் அழுத்தி எடுத்து, நீலச் சாயத்தில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். தலை வீங்கிய காம்புகள், அவற்றைச் சுற்றிச் சரம் சரமாய் வித்துகள். நுரையீரலை அரிக்கும் பூஞ்சைதான். வார்டில் அந்த மனுஷனுக்குக் காசநோய் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன்.

டாக்டரம்மாவும் குனிந்து பார்த்தார்.

"முதல் தட்டு எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன் மேடம். காத்துல விழுந்ததுன்னு நெனச்சேன்."

திட்டியிருந்தால் தேவலை. நேராக வார்டுக்கு ஃபோன் போட்டார். பேசி வைத்தவர், "காலையில ஐசியூவுக்கு மாத்திட்டாங்களாம். மருந்து இப்பவே மாத்துறாங்க. தாங்குவாரான்னு தெரியல" என்றார்.

மதியம் மாதிரி வாங்கும் ஜன்னலில் அந்த நோயாளியின் மனைவி நின்றாள். கையில் இன்னொரு டப்பா.

"அக்கா, ரெண்டாவதும் கெட்டுப்போயிருந்தா வேணுமேன்னு விடியக்காலையிலயே இத எடுத்து வெச்சேன். முதல் தடவை அழுக்காயிருச்சுன்னு நர்ஸ் சொன்னாங்கல்ல, வாய் கொப்புளிக்காம துப்பிட்டாருன்னு அவரக் கன்னாபின்னான்னு திட்டிட்டேன். மூணு நாள் அவர்ட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. இப்ப வாயில குழாய் போட்டுட்டாங்க."

"அவர் தப்பு இல்லம்மா."

"அப்ப நான்தான். அன்னைக்கு டப்பா மூடியத் தொறந்து பாத்தேன்."

ஜன்னல் வழியாகச் சொல்ல மனசு வரவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே போய், அவள் எதிரில் நின்று, நடந்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். டப்பாவுக்காகக் கையை நீட்டினேன்.

அவள் தரவில்லை. என்னையே பார்த்தபடி, ஏற்கெனவே இறுகியிருந்த மூடியை மேலும் மேலும் திருகிக்கொண்டிருந்தாள்.