ஏழாம் எண் பூட்டு

கலவைத் தொட்டியின் மின்பெட்டியில் ஒரே ஒரு சிவப்புப் பூட்டு மிச்சமாகத் தொங்கியது. எண் ஏழு. என் தங்கை புருஷனுடையது.

தொட்டிக்குள் இறங்குகிறவன் மின்சாரத்தை அணைத்துத் தன் பூட்டைப் போடவேண்டும். ஏறி வந்ததும் அவனே கழற்றவேண்டும். பூட்டு இருக்கும்வரை உள்ளே கத்திகள் சுழலாது. மாப்பிள்ளை அதை மறந்து வீட்டுக்குப் போனது இந்த மாதத்தில் இரண்டு முறை. இது மூன்றாவது.

"வெட்டுங்க," என்று மேலாளர் கட்டரை நீட்டினார். "ஒரு மணி நேரம் போச்சு."

"ஆளைக் கேட்காம வெட்டக்கூடாது சார்."

"அவன் ஆறு மணிக்கே கேட்டைத் தாண்டிட்டான். நானே தொட்டிக்குள்ள எட்டிப் பார்த்துக் கத்தினேன். ஒரு ஈ காக்கா இல்ல. வெத்தலபாக்கு வெச்சு அழைக்கணுமா?"

மாப்பிள்ளையின் போன் அணைந்திருந்தது. தங்கையை அழைத்தேன்.

"நைட் ஷிப்ட் முடிஞ்சு இப்பதாண்ணே படுத்தாரு."

"எழுப்பு."

"கும்பகர்ணனையா?"

"தண்ணிய ஊத்து."

"வீட்டுல தூங்குறான்," என்றார் மேலாளர். "இதுக்கு மேல என்னய்யா சாட்சி வேணும்?"

நியாயம்தான். போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, கட்டரின் வாயைப் பூட்டில் பொருத்தினேன்.

"மச்சான்..." கொட்டாவி.

"அறிவிருக்கா மாப்ள? மறுபடியும் பூட்டைத் தொங்கவிட்டுட்டுப் போயிருக்கே."

"நான் தொட்டிப் பக்கமே போகலையே."

"அப்ப ஏழாம் நம்பர் யாரோடது, உங்க அப்பாவோடதா?"

"பூட்டு என்னோடதுதான். கிளம்பும்போது நம்ம ஃபிட்டர் மொட்டை தன்னோடதைக் காணோம்னு நின்னான். பாவமேன்னு குடுத்தேன். சாவியும் அவன்கிட்டதான்."

கட்டரைத் தரையில் வைத்தேன். ஏணியில் ஏறி டார்ச் அடித்தேன்.

அடிக்கத்திக்குக் கீழே இரண்டு செருப்புக் கால்கள் தெரிந்தன. டார்ச்சால் தொட்டிச் சுவரில் ஓங்கித் தட்டினேன். மூன்றாவது தட்டில் மொட்டை நகர்ந்து வெளியே வந்து, காதுமூடியைக் கழற்றினான்.

"என்ன சார், டீ வந்துடுச்சா?"

"மேல வா."

"ரெண்டு போல்ட்டுதான் பாக்கி. முடிச்சிட்டு..."

"மேல வாய்யா!"

என் குரல் தொட்டிக்குள் சுற்றித் திரும்பி வந்தது. மேலாளர் எனக்குக் கீழே ஏணியில் பாதியில் நின்றிருந்தார்.

போனில் இணைப்பு இன்னும் துண்டாகவில்லை.

"மச்சான், நான் படுக்கட்டுமா?"