பெட்டரி வயர்

கதிர்காமத்தம்பியின் கார் புகைச் சோதனையில் மறுபடியும் சறுக்கிவிட்டது. செங்கலடிச் சந்தியில் ஆள் ஏற்றி ஹயர் ஓடிப் பிழைக்கிற மனிதர். சோதனையில் தேறாவிட்டால் அடுத்த வருட லைசன் கிடையாது; லைசன் இல்லாவிட்டால் அடுப்பில் பூனை தூங்க வேண்டியதுதான். யுத்தம் முடிந்து, பாதைகள் திறந்து, நாலு ஹயர் வாய்க்கிற நேரம் பார்த்து வந்த கேடு.

ஏறாவூரில், அண்ணன் முறையில் காக்கா என்று அவர் அழைக்கிற உசனாரின் கராஜில் ஒக்சிஜன் சென்சரைப் புதிதாகப் போட்டாயிற்று. காருக்குள் இருக்கிற கம்ப்யூட்டர் அந்தச் சென்சரைப் படித்துப் பழகச் சில நாள் ஓட வேண்டும்; பழகினால்தான் புகை அளவு சரிப்படும். கார் ஓடித்தான் இருந்தது. ஆனாலும் கம்ப்யூட்டர் ‘இன்னும் தயாரில்லை’ என்றே அடம்பிடித்தது.

“தம்பி, சென்சர்ல பிழையில்ல. படிச்சதெல்லாம் ராவைக்கு அழிஞ்சி போகுது. பெட்டரி வயரக் கழட்டினாத்தான் இப்படி வரும். வீட்டுல ஆரும் கழட்டுறாங்களா?” என்றார் உசனார்.

“என்ட காருல ஆரு காக்கா கை வைக்கிற?” என்று பாய்ந்தார் கதிர்காமத்தம்பி. பாய்ந்த பிறகுதான், காலையில் கார் ரேடியோவின் மணிக்கூடு எப்போதும் பிழையாகக் காட்டுவது ஞாபகம் வந்தது. கிழட்டுக் கார்தானே என்று அதைக் கவனிக்காமல் விட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த வேகத்தில் மனைவியைக் கேட்டார். மீன் வெட்டிக்கொண்டிருந்த புஸ்பம் மறைக்கவில்லை.

“ஓம், நான்தான். நீங்க படுத்தாப்புறம் கழட்டுவன். விடியப் பூட்டிருவன்.”

“விசரா புள்ள உனக்கு? சண்டை முடிஞ்சி வருசமாகுது!”

“சுனாமிக் கடல் வந்த அடுத்த வருசம் ராவுல துவக்கோட வந்தவனுகள், கார் ஸ்டார்ட் ஆனபடியாத்தானே ஓட்டச் சொல்லி உங்களையும் கொண்டுபோனவனுகள்? ஸ்டார்ட் ஆகாட்டி விட்டுட்டுப் போயிருப்பானுகள். நீங்க திரும்பி வாற வரைக்கும் நான் செத்த பிணம்.”

கோபம் போன இடம் தெரியவில்லை. அந்த மாதங்களைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை, அவளும் கேட்டதில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்திருந்தது இப்போது வெட்கமாக இருந்தது.

அன்றிலிருந்து பகலில் ஹயர் ஓடிவிட்டு, பொழுதுபட்டால் காரை உசனாரின் கராஜில் விட்டு பஸ்ஸில் வந்தார். வாசலில் கார் இல்லாத அந்த நாட்களில் புஸ்பம் அடித்துப் போட்டாற்போலத் தூங்கினாள்.

கார் சோதனையில் தேறியது. அன்று அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். புஸ்பத்துக்கும் சந்தோசம்தான். ஆனால் பொழுது சாய்ந்து மைமலானதும் அவள் பார்வை வாசலுக்குப் போய்ப் போய் வந்தது.

“இனித் தொடமாட்டன்” என்றாள்.

கதிர்காமத்தம்பி எழும்பிப் போய் பொனட்டைத் திறந்து, தன் கையாலேயே வயரைக் கழற்றிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார்.